கடற்றிரையும் வெண்டிரையும்

தமிழிலே 'திரை' என்னுஞ் சொல் அலையையுங் குறிக்கும்; மறைப்பாகத் தொங்கும் எழினியையுங் குறிக்கும். சினிமா வந்தபின் படம் விழும் வெள்ளைச் சீலைக்கும் அதுவே பெயராயிற்று. 1944 ஆம் ஆண்டு யூன் மாதம் 6 ஆந் திகதி பிரான்சு தேசத்தின் நோர்மண்டிக் கரையில் நிகழ்ந்த படையெடுப்பை எண்ணுந்தோறும் இச்சொல்லின் பொருள்கள் யாவும் ஒருங்கே நினைவுக்கு வருகின்றன. கடற்றிரையையும் வானையுங் கடந்து அன்று ஒரே நாளில் வந்திறங்கியோர் ஏறத்தாழ 156,000 பேர். அவர்தங் கதையை நம்மிற் பெரும்பாலார் அறிந்தது வெண்டிரையின் வாயிலாகவே.

அந்நாளில் இருபது வயதினராயிருந்தோர் இன்று நூறாண்டைக் கடந்தோராவர். 2024 ஆம் ஆண்டில் நடைபெற்ற எண்பதாம் ஆண்டு நினைவு விழாவுக்கு வந்த பழைய வீரர் மிகச் சிலரே. அவருட் பலர் சக்கர நாற்காலிகளில் வந்தனர். கண்டவர் வாயிலிருந்து கேட்குங் காலம் முடிகின்றது. இனி வருந் தலைமுறை அந்நாளைப்பற்றி அறியப்போவது நூல்களாலும், அவற்றினும் மிகுதியாகப் படங்களாலுமே. ஆதலின் அப்படங்கள் எதனைக் காட்டின, எதனைக் காட்டாது விட்டன என்று கேட்பது வெறும் பொழுதுபோக்கு விசாரணையன்று. வகுப்பறையில் நிற்கும் ஆசிரியர் எவரும் இதனை உணர்வர். இரண்டாம் உலகப்போர் என்றதும் மாணவன் மனக்கண்முன் எழுவது பாடநூலின் பந்தியன்று. ஏதோ ஒரு படத்தின் காட்சி.

முதலில் நிகழ்ச்சியைச் சிறிது நோக்குவோம். பகைவர் நாட்டின்மேற் செல்லுதலை வஞ்சியென்றும், அரண் வளைத்தலை உழிஞையென்றும், அரண் காத்தலை நொச்சியென்றும் புறப்பொருள் வெண்பாமாலை வகுக்கும். நோர்மண்டியில் நிகழ்ந்ததை இவற்றுள் ஒன்றில் அடக்குதல் எளிதன்று. நோர்வேயிலிருந்து ஸ்பானிய எல்லைவரை ஜேர்மனியர் அமைத்த 'அத்திலாந்திக் மதில்' ஓர் அரணேயாம். ஆயின் அவ்வரணுக்கு அகழியாய்க் கிடந்தது கடல். அகழியைத் தாண்டுமுன்னர் மதிலை வளைக்க வழியில்லை.

இவ்வகழியைத் தாண்டுவது எத்துணைக் கொடிது என்பதை நேசநாட்டார் 1942 ஆம் ஆண்டு ஓகஸ்ற் 19 ஆந் திகதி டியெப் துறைமுகத்திற் கற்றனர். அன்று சென்றோர் ஏறத்தாழ ஆறாயிரவர். அவருள் ஐயாயிரவர் வரை கனடியர். சில மணி நேரத்துள் அம்முயற்சி நொறுங்கிற்று. இறந்த கனடியர் மட்டும் 900 பேருக்கு மேற்பட்டோர். காவலுள்ள துறைமுகமொன்றை நேரே தாக்கிப் பிடித்தல் இயலாதென்பது அங்கே தெளிவாயிற்று. துறைமுகத்தைப் பிடிக்க முடியாதாயின் துறைமுகத்தையே உடன்கொண்டு செல்வோம் என்று துணிந்தனர். கொங்கிறீற்றாற் பெரும்பெட்டிகள் வார்த்து, கடலில் இழுத்துச் சென்று, இரண்டு செயற்கைத் துறைமுகங்களை நோர்மண்டிக் கரையில் நிறுவினர். யூன் 19 ஆந் திகதி தொடங்கிய புயலில் அமெரிக்கருடையது சிதைந்தது. ஆரோமாஞ்சிலே பிரித்தானியர் நிறுவியதன் எச்சங்கள் இன்றுங் கடலிற் கருநிறத் திட்டுகளாய்த் தோன்றுகின்றன.

வஞ்சனையும் இதில் பெரும்பங்கு கொண்டது. கடலின் மிக ஒடுங்கிய இடமாகிய கலேயிலேயே படை இறங்குமென்று ஜேர்மனியரை நம்பவைக்க, இல்லாத சேனையொன்றைத் தளபதி பற்றனின் பெயராற் படைத்தனர். காற்றடைத்த இரப்பர் டாங்கிகளும் பொய்யான வானொலிச் செய்திகளுமே அச்சேனையின் அங்கங்கள். ஹுவான் புஜோல் என்னுங் கற்றலான் நாட்டவர் ஜேர்மனியருக்கு ஒற்றராய் நடித்துப் பிரித்தானியருக்கு உழைத்தார். இருதிறத்தாரும் அவருக்குப் பதக்கம் அளித்தனர் என்பது போர்வரலாற்றிலே காண்டற்கரிய நகைச்சுவை.

இத்துணை ஏற்பாடும் ஈற்றிலே காற்றையும் மழையையும் நம்பி நின்றது. யூன் 5 என்று குறித்த நாளைக் கடல் கொந்தளிப்பாற் கைவிட நேர்ந்தது. தலைமைத் தளபதி ஐசன்ஹோவருக்கு வானிலை கூறிய ஸ்ரக் என்பார், 6 ஆந் திகதி சிறிது இடைவெளி கிடைக்குமென்றார். அவர் கணிப்புக்குத் துணைசெய்த அளவைகளுட் சில, நடுநிலை நாடாகிய அயர்லாந்தின் மேற்குக் கரையில் பிளாக்சொட் என்னுமிடத்துத் தபாற்கந்தோரிற் பணிபுரிந்த மோரீன் பிளவின் என்னும் இளம்பெண் எடுத்தவை. அப்போது அவருக்கு வயது 21. தாம் குறித்தனுப்பிய பாரமானி அளவு எதற்குப் பயன்பட்டதென்பதை அவர் பல்லாண்டு கழித்தே அறிந்தார். மறுபுறம், அம்மோசமான வானிலையைக் கண்டு எவரும் வாராரென எண்ணிய தளபதி ரொம்மெல், மனைவியின் பிறந்தநாளுக்காக ஜேர்மனிக்குச் சென்றுவிட்டார்.

இலக்கிய அன்பர்க்கென ஒரு செய்தி. பிரான்சின் இரகசியப் போராளிகளுக்கு நாள் நெருங்கியதை அறிவிக்க இலண்டன் வானொலி கையாண்ட குறிப்புமொழி, போல் வெர்லேன் என்னுங் கவிஞர் 1866 ஆம் ஆண்டில் வெளியிட்ட இலையுதிர்காலக் கவிதையொன்றின் தொடக்க அடிகள். அவ்வடிகளின் முற்பகுதி யூன் மாதத் தொடக்கத்திலும், எஞ்சியது 5 ஆந் திகதி இரவிலும் ஒலித்தன. தண்டவாளங்களைத் தகர்க்கவும் தந்திக்கம்பிகளை அறுக்கவும் அதுவே ஆணை. ஜேர்மனிய ஒற்றுத்துறையினர் அக்கவிதையின் உட்பொருளையும் முன்னரே அறிந்திருந்தனர். கலேப் பகுதியிலிருந்த சேனை எச்சரிக்கப்பட்டது. நோர்மண்டியிலிருந்த சேனைக்கு எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. கவிதை கேட்டோர் இருதிறத்தும் இருந்தனர். கேட்டபடி நடந்தோர் ஒருதிறத்தாரே.

தரையிறங்கிய ஐந்து கரைகளுக்கும் யூற்றா, ஒமாகா, கோல்ட், யூனோ, சுவோர்ட் எனச் சங்கேதப் பெயரிட்டிருந்தனர். நான்கிலே நிகழ்ந்தது கடினமெனினும் எண்ணியபடி நிகழ்ந்தது. ஒமாகாவே வேறு. அது பிறைபோல் வளைந்த நீண்ட மணற்கரை, பின்னே குன்றுகள், குன்றின்மேல் இயந்திரத் துப்பாக்கிகள். முகில் மூடியிருந்தமையால் விமானங்கள் போட்ட குண்டுகள் உள்நாட்டு வயல்களிற் போய் வீழ்ந்தன. நீந்துமாறு அமைத்த டாங்கிகளில் ஒரு பிரிவினர் கடலில் இறக்கிய 29 இல் 27 அலைகளில் அமிழ்ந்தன. இறங்குபடகுகளின் முன்கதவு வீழ்ந்ததும் நின்றவர் நின்றபடியே மாண்டனர். ஏறத்தாழ 2,400 பேர் அக்கரையில் இறந்தோ காயமுற்றோ காணாமற்போயோ ஒழிந்தனர் என்பது நெடுங்காலமாய்க் கூறப்படுங் கணக்கு. பின்வந்த ஆராய்ச்சியாளர் தொகை இதனினும் மிகுதியென்பர். வேர்ஜீனிய மாநிலத்துப் பெட்போர்ட் என்னுஞ் சிற்றூரின் பிள்ளைகள் ஒரே அணியிற் சேர்ந்து முதல் அலையில் இறங்கினர். அவருள் ஏறத்தாழ இருபதின்மர் அன்றே மாண்டனர். மூவாயிரம் மக்களே வாழ்ந்த அவ்வூருக்குத் தந்திகள் ஒன்றன்பின் ஒன்றாய் வந்த யூலை மாதத்து நாளை நினைத்தால் நெஞ்சு கலங்கும். அமெரிக்காவின் தேசிய நினைவுச் சின்னம் பின்னாளில் அவ்வூரிலேயே எழுப்பப்பட்டது. அந்நிறுவனத்தார் பெயர் பெயராய்த் தேடி எண்ணியபோது, யூன் 6 ஆந் திகதி ஒருநாளில் இறந்த நேசநாட்டு வீரர் 4,414 பேர் எனக் கண்டனர்.

இவ்வளவு பெரிய நிகழ்ச்சிக்கு அன்று எடுத்த நிழற்படங்கள் எத்தனை கிடைத்தன? ஒமாகாவில் வீரரோடு இறங்கிய ரொபேர்ட் கப்பா எடுத்தவற்றுள் எஞ்சியவை பத்துப் பதினொன்றே. மற்றவை இலண்டனில் இருட்டறை உதவியாளன் கைப்பிழையால் உருகிப்போயின என்று நெடுங்காலம் சொல்லப்பட்டது. அண்மைக்கால ஆய்வாளர் பலர் அக்கதையை நம்புவதில்லை. அது எவ்வாறாயினும் ஆகுக. எஞ்சிய படங்களில் உருவங்கள் மங்கி, நடுங்கி, நீரோடு நீராய்த் தோன்றுகின்றன. அம்மங்கலே பின்வந்த படக்காரருக்கு இலக்கணமாயிற்று. தெளிவின்மையே உண்மையின் அடையாளமெனக் கொள்ளும் வழக்கம் அங்கே தொடங்கிற்று என்பது என் கருத்து.

இனி வெண்டிரைக்கு வருவோம். முதலிற் பேசத்தக்கது 1962 ஆம் ஆண்டில் வெளிவந்த 'த லோங்கஸ்ற் டே'. 'மிக நீண்ட நாள்' எனலாம். டப்ளின் நகரிற் பிறந்து பத்திரிகையாளராய் அந்நாளில் வானிலிருந்து அக்கரைகளைக் கண்ட கொர்னேலியஸ் ரையன், இருதிறத்து வீரரையும் ஊராரையும் தேடி விசாரித்து 1959 ஆம் ஆண்டில் எழுதிய நூலே இதற்கு மூலம். தயாரித்தவர் டரில் சனுக். மூன்று மணி நேரத்துக்கு ஓரிரு நிமிடங் குறைந்த இக்கறுப்பு வெள்ளைப் படத்தை இயக்குநர் மூவர் பங்கிட்டு இயக்கினர்.

இப்படத்தின் தலையாய சிறப்பு, ஜேர்மனியர் ஜேர்மன் மொழியையும் பிரெஞ்சுக்காரர் பிரெஞ்சு மொழியையும் பேசுதல். இன்று இது பெரிதாகத் தோன்றாது. ஆயின் பகைவன் எவனாயினும் கொச்சை ஆங்கிலம் பேசி உறுமுவதே ஹொலிவூட்டின் வழக்காயிருந்த காலம் அது. பகைவனுக்கு அவன் தாய்மொழியைக் கொடுத்தல் அவனுக்கு மனிதத் தன்மையைக் கொடுத்தலாகும். மொழியாசிரியனாகிய எனக்கு இப்படத்தின் டாங்கிகளினும் துப்பாக்கிகளினும் இவ்வொன்றே பெரிதாய்ப்படுகின்றது.

அதனோடு, நடித்தோருட் சிலர் அங்கிருந்தோர். ரிச்சர்ட் டொட் என்னும் ஆங்கில நடிகர் அன்றிரவு குடையிற் குதித்த வீரருள் ஒருவர். கான் நகர்க் கால்வாயின்மேலுள்ள பாலத்தைக் கிளைடர்களில் வந்து கைப்பற்றிய மேஜர் ஹோவார்டுக்குத் துணையாய் அப்பாலத்துக்குப் போனவர். பதினெட்டாண்டு கழித்து அப்படத்தில் அந்த ஹோவார்டாகவே நடித்தார். தானே கண்ட ஒருவனைத் தானே ஆகி நடித்தல் கூத்துக்கலையில் அரிதாய் வாய்ப்பது. இதற்கு நேர்மாறு ஜோன் வேய்ன். 27 வயதினரான ஒரு தளபதியை ஐம்பது கடந்த அவர் நடித்தார். விருந்துக்கு வந்த பெரியவரைப் பந்தியில் முதலில் இருத்துமாப்போல நட்சத்திரங்களுக்கு இடம் ஒதுக்கியதன் விளைவு இது. படத்திற் பலரைக் காணும்போது பாத்திரத்தின் பெயர் தோன்றுவதில்லை. நடிகரின் பெயரே தோன்றுகின்றது.

பெருங்குறை வேறொன்று. இங்கே சாவு துப்புரவாயிருக்கின்றது. குண்டுபட்டவன் கையை உயர்த்திச் சாய்கின்றான், சீருடை கசங்குவதில்லை, தாயை அழைப்பாரில்லை. சென்ற் மேர் எக்ளீஸ் ஊரின் கோயிற் கூம்பிலே குடை சிக்கித் தொங்கிய ஜோன் ஸ்ரீலின் காட்சி நெஞ்சைத் தொடுவது உண்மை. கீழே தோழர் மடிய, மேலே ஒருவன் செத்தவனைப் போல் தொங்கிக்கொண்டு அதனைக் காண்கின்றான். அவ்வூரார் இன்றும் அக்கூம்பில் குடையோடு ஒரு பொம்மையைத் தொங்கவிட்டிருக்கின்றனர். படம் ஊரைக் காட்டிற்று; பின்னர் ஊர் படத்தைப் போலாயிற்று.

இடையில் வந்த மூன்று படங்களை விரைந்து சொல்வேன். 1964 ஆம் ஆண்டின் 'தி அமெரிக்கனைசேஷன் ஒவ் எமிலி', ஒமாகாவில் முதலில் இறப்பவன் கடற்படையினனாயிருத்தல் வேண்டுமென்று ஆசைகொள்ளும் அட்மிரல் ஒருவரைப் பற்றிய அங்கதம். வீரவணக்கத்தை நகைத்துக் கேள்விகேட்கும் துணிவு அதற்கிருந்தது. 1975 ஆம் ஆண்டில் ஸ்ருவேட் கூப்பர் இயக்கிய 'ஓவர்லோட்', போர்க்கால உண்மைப் படச்சுருள்களையும் கற்பனைக் காட்சிகளையும் இழைத்து, படையிற் சேர்ந்த ஓர் இளைஞன் கரையைச் சேருமுன்னரே இறப்பதைச் சொல்வது. பலர் பாராத இப்படம் பலரும் பாராட்டிய படங்களினும் உயர்ந்ததென்பேன். 1980 இல் வந்த 'த பிக் ரெட் வன்' படத்தை இயக்கிய சாமுவேல் புல்லர் ஒமாகாவில் இறங்கிய வீரர். அவர் அக்கரைக்குப் பெருஞ்செலவு செய்யவில்லை. இறந்தவன் ஒருவனின் கை நீரிற் கிடக்கின்றது. மணிக்கட்டிலே கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கின்றது. மீண்டும் மீண்டும் அக்கடிகாரத்தைக் காட்டுகின்றார். ஒவ்வொருமுறையும் நேரம் நகர்ந்திருக்கின்றது, நீர் மேலுஞ் சிவந்திருக்கின்றது. அவ்வளவே. கழுமலப் போரைப் பாடிய களவழி நாற்பது குருதி படிந்த களத்தை நாற்பது வெண்பாக்களிற் காட்டும். புல்லர் ஒரு கையினாற் காட்டினார்.

1998 ஆம் ஆண்டில் ஸ்ரீவன் ஸ்பீல்பேர்க்கின் 'சேவிங் பிரைவேற் ரையன்' வந்தது. நூலாசிரியர் ரையன் வேறு, இப்படத்தின் ரையன் வேறு. இதன் தொடக்கத்தில் கால்மணிக்கு மேலாய், அரைமணிக்குச் சிறிது குறைவாய் ஓடும் ஒமாகாக் காட்சியே, இன்று அந்நாளென உலகம் எண்ணும் உருவம். அக்காட்சி நோர்மண்டியில் எடுத்ததன்று. அயர்லாந்தின் வெக்ஸ்போர்ட் பகுதிக் கடற்கரையில், அந்நாட்டுத் துணைப்படையினர் பலரை வீரராக்கி எடுத்தது. நிறங்களை வெளிறச் செய்து, கமராவின் மூடியை வழமையினும் விரைவாய் மூடித்திறக்கச் செய்து, மண்துகள் ஒவ்வொன்றும் தெறிப்பது தெரியுமாறு அமைத்தனர். கப்பாவின் நடுக்கம் இங்கே அசையும் படமாயிற்று. தாக்குதல் நிகழும்போது பின்னணி இசையில்லை. சிறிது நேரம் நாயகனின் செவி அடைபட, நமக்கும் ஒலி அடைபடுகின்றது. தன் அறுந்த கையைத் தானே குனிந்து எடுத்துக்கொண்டு நடக்கிறான் ஒருவன். மற்றொருவன் தாயை அழைக்கிறான்.

இக்காட்சியைக் கண்ட பழைய வீரர் பலர், இதுவே தாம் கண்டது என்றனர். ஐம்பதாண்டாக வீட்டாருக்குச் சொல்லாதிருந்ததைச் சிலர் அதன்பின் சொல்லத் தொடங்கினர். மனங்குழம்பிய வீரர் பேசி ஆறுதல் பெறுமாறு அமெரிக்க அரசின் முன்னாள் வீரர் திணைக்களம் இலவசத் தொலைபேசி இலக்கம் ஒன்றை ஏற்படுத்த நேர்ந்தது. ஒரு கலைப்படைப்பு இத்தகைய பயனை விளைத்ததென்றால் அதன் ஆற்றலை ஐயுறுதற்கில்லை.

ஆயினும் அவ்வரைமணி கழிந்தபின் வருவது வேறு படம். அங்கே கணக்கு நேராகின்றது, பகைவன் கெட்டவனாகின்றான், இரக்கங்காட்டி விடுவித்தவனே திரும்பி வந்து கொல்கின்றான். கரையிலே பொருளற்றுச் சிதறிய சாவுக்கு இறுதியிற் பொருள் கற்பிக்கப்படுகின்றது. இறுதிப்போர் நிகழும் ஊர் கற்பனை. கதைக்கு வித்தாயிருந்த உண்மை இன்னும் சுவையுடையது. நியூயோர்க் மாநிலத்து நைலண்ட் குடும்பத்துச் சகோதரர் நால்வரில் இருவர் நோர்மண்டியில் மடிந்தனர். மூன்றாமவரும் பர்மாப் போர்முனையில் இறந்தாரென நம்பப்பட்டது. எனவே நான்காமவரை வீட்டுக்கு அனுப்பினர். அவரைத் தேடி ஓரணி அலைந்து மடியவில்லை. போர் முடியுந் தறுவாயில் மூன்றாமவர் பர்மாவின் சிறைமுகாமில் உயிரோடிருக்கக் கண்டனர். இறந்தாரென அழுத மகன் மீண்டு வந்ததைப் படம் எடுத்துக்கொள்ளவில்லை; அத்தாய்க்கு நேர்ந்த அவ்வொரு நல்வினை கதைக்கு இடையூறாயிருந்தது போலும்.

இவ்விரு பெரும்படங்களிலும் இல்லாதோர் பலர். யூனோக் கரையில் இறங்கிய ஏறத்தாழ 14,000 கனடியருக்கு அவற்றில் இடமில்லை. கரையைக் காக்கும் பலூன்களை ஏற்றிய கறுப்பின அமெரிக்கப் படைப்பிரிவினரின் முகமில்லை. தாம் காயமுற்றும் ஒமாகாவில் மணிக்கணக்காய்ப் பிறரின் காயங்கட்டிய வேவர்லி வூட்சன் அப்பிரிவினருள் ஒருவர். அவருக்கு உயர்ந்த பதக்கம் 2024 ஆம் ஆண்டிலேயே, அவர் மறைந்தபின், கிடைத்தது. அதே யூன் மாதம் 22 ஆந் திகதி கிழக்கே சோவியத் சேனை தொடங்கிய பெருந்தாக்குதல் ஜேர்மனியருக்கு நோர்மண்டியினும் பெருநாசம் விளைத்ததென்பதை மேற்கத்தியப் படம் பார்த்து வளர்ந்தோர் அறியார்.

ஹொலிவூட்டின் இவ்வழக்கம் நமக்குப் புதிதன்று. நம் களனி கங்கைக் கரையில், கித்துள்கலையில், 1957 ஆம் ஆண்டு வெளிவந்த 'த பிரிட்ஜ் ஒன் த ரிவர் குவாய்' எடுக்கப்பட்டதை மூத்தோர் இன்றுஞ் சொல்லி மகிழ்வர். அப்படம் காட்டும் சயாம்-பர்மா இரயில்பாதையிலே மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழ்த் தொழிலாளர் பல்லாயிரவர் நோயாலும் பசியாலும் மாண்டனர். படத்திலோ பாலங் கட்டுவோர் ஆங்கிலேயக் கைதிகளே. ஏழு ஒஸ்கார் பரிசு பெற்ற அப்படத்தைக் கண்டு, இறந்த தமிழரை நினைத்தவர் எத்தனை பேர்?

நோர்மண்டிப் படங்களில் இல்லாதோருள் தலையாயோர் நோர்மண்டி மக்கள். அவ்வேனிற்காலப் போரிலே அம்மாநிலத்தில் இறந்த குடிமக்கள் ஏறத்தாழ 20,000 பேர். பெரும்பாலார் தம்மை விடுவிக்க வந்த விமானங்களின் குண்டுகளுக்கே இரையாயினர். ஜேர்மனியர் கரைக்கு வரும் வழிகளை அடைப்பதற்காகக் கான், சென்லோ முதலிய நகரங்கள் தகர்க்கப்பட்டன. முதல் நாளே பிடிக்க எண்ணிய கான் நகரைப் பிடிக்க ஒரு மாதத்துக்கு மேலாயிற்று. அந்நாட்களில் ஊரார் பழைய மடாலயக் கோயிலிலும் புறத்தேயிருந்த கல்வெட்டுச் சுரங்கங்களிலும் அடைக்கலம் புகுந்து கிடந்தனர்.

குண்டு வீழுமுன் விமானங்கள் துண்டுப்பிரசுரங்களைத் தூவின. நகரை விட்டகலுங்கள் என்பது செய்தி. அவற்றிற் பல காற்றில் அலைந்து வயல்வெளிகளில் வீழ்ந்தன. இதனை வாசித்தபோது எனக்குப் புறநானூற்றின் ஒன்பதாம் பாட்டு நினைவுக்கு வந்தது. பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதி அம்பு தொடுக்குமுன், பசுக்களும் பார்ப்பனரும் பெண்டிரும் பிணியாளரும் புதல்வரைப் பெறாதோரும் காவலான இடஞ் சேருக என்று அறிவித்தானென நெட்டிமையார் போற்றுகின்றார். அறத்தாறு நுவலும் பூட்கை என அப்பாட்டே அதனை வியக்கும். ஆண்டாண்டாய் இப்பாட்டைப் படிப்பித்தவன் யான். ஆயினும் அறிவிப்புக் கேட்டவர் எங்கே போயினர், பிணியாளரைச் சுமந்தவர் யார், செய்தி எட்டாதவர் என்னாயினர் என்று அப்பாட்டும் சொல்வதில்லை. துண்டுப்பிரசுரத்தையும் ஒலிபெருக்கி அறிவித்தலையும் கேட்டு, மூட்டை கட்டி, மூத்தோரைக் கைத்தாங்கலாய்க் கூட்டிக்கொண்டு நடந்தவர் நம் வாசகருட் பலர். அவர்க்கு நான் விரித்துரைக்க வேண்டுவதில்லை.

இவ்விடத்தில் ஒரு பழைய 'படத்தை' நினைத்தல் தகும். கடற்கரைக்கு அணித்தேயுள்ள பாயே நகரம் யூன் 7 ஆந் திகதி பெரிய அழிவின்றி விடுவிக்கப்பட்டது. அந்நகர் உலகறிந்தது அங்குப் பேணப்பட்ட ஒரு சித்திரத்தையலால். 1066 ஆம் ஆண்டில் நோர்மண்டிக் கோமகன் வில்லியம் இதே கடலை மறுதிசையிற் கடந்து இங்கிலாந்தை வென்ற வரலாறு, ஏறத்தாழ 70 மீற்றர் நீளமான துணியிற் கம்பளி நூலாற் பொறிக்கப்பட்டுள்ளது. கப்பல் கட்டுதல், குதிரைகளை ஏற்றுதல், கரையிறங்குதல், உணவு சமைத்தல், போர் என்று காட்சி தொடர்ந்து ஓடுகின்றது. உருளாத படச்சுருள் எனலாம். வென்றவர் பெருமைக்காகச் செய்வித்ததே அது. ஆயினும் தைத்த கைகள் வேறொன்றையுந் தைத்தன. வீரர் இருவர் ஒரு வீட்டுக்குத் தீயிடுகின்றனர். வீட்டின் முன்னே ஒரு பெண், சிறுவன் ஒருவனைக் கையிற் பிடித்தபடி வெளியேறுகின்றாள். அவள் பெயர் எழுதப்படவில்லை. கீழ்க் கரையிலே இறந்தோரின் கவசங்கள் உரியப்படுகின்றன. இவ்விரு காட்சியையும் நினைத்தபின் 'மிக நீண்ட நாள்' படத்தின் துப்புரவான சாவுகளை நினைத்தால் எது தொன்மை, எது புதுமை என்று மயக்கமுண்டாகின்றது.

பிரான்சின் அரசே தன் குடிமக்களின் இழப்பை நெடுங்காலம் உரக்கப் பேசவில்லை. விடுவித்தவர்மீது குறைகூறல் நன்றியின்மையாகக் கருதப்படுமென்ற தயக்கமே காரணம். 2014 ஆம் ஆண்டு யூன் 6 ஆந் திகதி கான் நகரிலே அந்நாட்டு அதிபர் ஒல்லாந்து அவர்களுக்கென ஒரு நினைவுவிழாவில் உரையாற்றினார். 2024 இல் அதிபர் மக்ரோன் சென்லோவுக்குச் சென்றார். விமானிகளின் வீரத்தைக் குறைத்துப் பேசாமலே, அவர் குண்டுபட்டு இறந்தோரை எண்ணுதல் கூடுமென்று அறிய எழுபதாண்டு சென்றது.

சென்லோ நகரின் சிறைச்சாலையிலே ஜேர்மனியரை எதிர்த்த பிரெஞ்சுப் போராளிகள் அடைக்கப்பட்டிருந்தனர். இலண்டன் வானொலியின் குறிப்புமொழிக்காகக் காத்திருந்தோரின் கூட்டாளிகள் அவர்கள். யூன் 6 ஆந் திகதி இரவு குண்டுகள் வீழ்ந்தபோது சிறைக்கதவு திறக்கப்படவில்லை. பூட்டிய அறைகளுக்குள் அவர்கள் தாம் எதிர்பார்த்திருந்த படையின் குண்டுகளால் இறந்தனர். நகரத்தை மீண்டுங் கட்டியபோது சிறையைக் கட்டவில்லை. அதன் கல்வாயிலை மட்டும் நினைவுச் சின்னமாக விட்டுவைத்தனர். அது இன்றும் தெருவோரத்திலே நிற்கின்றது.